புது விலாசம் தெரிந்தவர்கள்

அந்த ஆள் வந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. இனாயத் ஓர் ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தான். மெஷின் சத்தத்தில் முதல் இரண்டு முறை கதவு தட்டியது கேட்கவில்லை. மூன்றாவது முறை கேட்டதும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தான். மனைவி நாஸியா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவளிடம் சாவி இருந்தது, தட்டமாட்டாள். மகள் ஸஹானா பள்ளிக்கூடத்தில். சிநேகிதன் செம்பியனாக இருந்தால் கீழேயிருந்தே "பாய்!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஏறுவான்.

நான்காம் முறை தட்டலோடு ஒரு குரலும் வந்தது. "மிஸ்டர் இனாயத்துல்லா?"

அவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். கதவைத் திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் மெஷின் சத்தம் வெளியே கேட்டிருக்கும். பாதி மட்டும் திறந்தான்.

வெளியே நின்றவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை. அட்டை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கினான்.

"இனாயத்துல்லா சார் நீங்கதானே?"

"இல்ல. நான் அவரு தம்பி. அவரு பெங்களூரு போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"தெரியாது."

"மேடம் இருக்காங்களா?"

"யாரும் இல்ல. இன்னா விஷயம்?"

அந்த இளைஞன் அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். மெஷின், சுவரோரம் சுருட்டி வைத்த ரெக்சின், பாதி தைத்த சீட். பிறகு ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினான். "வந்தா கம்பெனிக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க சார். பிரணவ்னு கேட்டா போதும்" என்றான். இறங்கும்போது செல்போனை எடுத்து வீட்டு எண்ணைப் படம் பிடித்துக்கொண்டான்.

கத்தவில்லை, மிரட்டவில்லை, 'சார்' என்று வேறு சொன்னான். இனாயத்துக்கு அதுதான் சரியாகப் படவில்லை. ஜன்னலோரம் போய் நின்று கீழே பார்த்தான். குடியிருப்பின் வாசலில் செம்பியன் தன் லோடு ஆட்டோவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த இளைஞன் அவனிடம் போய் நின்றான். ஏதோ கேட்டான். செம்பியன் சிரித்துக்கொண்டே கடற்கரைச் சாலைப் பக்கம் கையை நீட்டிக் காட்டினான். இளைஞன் அவன் தோளைத் தொட்டுவிட்டு நடந்தான்.

ஜன்னலை விட்டு நகராமல் இனாயத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நொச்சிக்குப்பத்துக்கு அவர்கள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் பதினேழு வருஷம் ராயப்பேட்டையில் இருந்தார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கார் சீட் கவர் தைக்கும் கடை. ஒரு கால் டாக்சி கம்பெனி நாற்பது வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டரை நம்பி நான்கு லட்சம் கடன் வாங்கி, இரண்டு மெஷினும் சரக்கும் எடுத்தான். இருபத்திரண்டு வண்டி முடிந்தபோது டாக்சி கம்பெனி ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. பாக்கிப் பணம் வரவேயில்லை. மாதம் பதினாலாயிரத்து இருநூறு தவணை. பதினொரு மாதம் கட்டினான். பன்னிரண்டாவது மாதம் நாஸியாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினான். பதின்மூன்றாவதுக்கு வீட்டில் வைப்பதற்கு எதுவும் இல்லை.

கம்பெனி வசூலை ஓர் ஏஜென்சியிடம் ஒப்படைத்தது. சேட்டு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவன் வரத் தொடங்கினான். காலை ஆறரைக்குப் போன் வரும். கடை திறந்ததும் எதிரே பைக்கை நிறுத்திவிட்டு நிற்பான். கார் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம், "இவனாண்ட அட்வான்ஸ் குடுக்காதீங்க சார், ஓடிப்போற கேஸு" என்பான். பள்ளிவாசல் செயலாளருக்குப் போன் செய்தான். அடையாறில் இருக்கும் நாஸியாவின் தம்பி அப்துல் சமதுக்குத் தினமும் போன் செய்தான். கடைசியில் ஒரு நாள் நாஸியாவின் செல்லை ஸஹானா எடுத்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண். "உங்க அத்தா எங்க ஒளிஞ்சிக்கினு கீறாரு? உன் ஸ்கூல் கேட்டாண்ட வந்து மைக் போட்டுக் கேக்கட்டா?" என்று அவன் கேட்டான். அன்றைக்கு ஸஹானா சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

வீட்டை மாற்ற உதவியது செம்பியன்தான். அவன் லோடு ஆட்டோ சீட்டை இனாயத்துதான் தைத்துக் கொடுத்திருந்தான். அதிலிருந்து பத்து வருஷப் பழக்கம். அவனுடைய அக்கா எண்ணூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. "சும்மாத்தான் கீது பாய். குடுக்க முடிஞ்சத குடு" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் பெட்டி ஏற்றும் அதே வண்டியில் கட்டிலும் பாத்திரமும் ஒரு மெஷினும் வந்து சேர்ந்தன. கடைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. செம்பியன் அக்கம்பக்கத்து ஆட்டோக்காரர்களை அனுப்பிவைத்தான். வாரத்துக்கு நாலைந்து சீட் வந்தது.

புது விலாசம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். செம்பியன், அப்துல் சமத். பள்ளிக்கூடத்தில்கூடப் பழைய விலாசம்தான்.

நாஸியா ரேஷன் பையோடு வந்ததும் அவன் நடந்ததைச் சொன்னான். அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் அவரு தம்பி, அவரு ஊர்ல இல்லன்னேன்."

"ஐயோ. ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? வா, வந்து உக்காருன்னு டீ குடுக்கணுமா?"

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் குரலை உயர்த்தினான். "யாரோ காட்டிக் குடுத்திருக்காங்க. பிளாக் நம்பர், டோர் நம்பர் எல்லாம் கரெக்டா தெரியுது. யாருன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும்." அவள் வாயை மூடிக்கொண்டு அரிசியைக் கொட்ட உள்ளே போனாள்.

முதலில் அப்துல் சமதுக்குப் போன் செய்தான்.

"மாப்ளே, இந்த வீட்டு விலாசத்த யாருக்காவது சொன்னியா?"

"இல்ல மச்சான். ஏன்?"

"யோசிச்சுச் சொல்லு. அந்த சேட்டுப் பையன் உனக்குத் தினம் போன் பண்றான்ல? தொல்லை விட்டா போதும்னு சொல்லியிருக்கலாம்."

சமத் பதிலுக்கு, "தினம் அவன்கிட்ட நான் திட்டு வாங்கறேன் மச்சான். கடையில கஸ்டமர் நிக்கும்போது வாங்கறேன். உங்க விலாசம் எனக்குத் தெரியாதுன்னு அல்லாஹ் மேல ஆணையா பொய் சொல்லியிருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

குற்றமில்லாதவனுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று இனாயத் ஒரு நிமிஷம் யோசித்தான். ஆனால் சமதின் குரலில் இருந்த அலுப்பு உண்மையானது என்று பட்டது. மீதி இருந்தவன் செம்பியன். அவன் சிரித்ததும் கை நீட்டியதும் கண்முன்னே நின்றது.

அடுத்த மூன்று நாள் இனாயத் தைத்ததைவிட ஜன்னலில் நின்றதுதான் அதிகம். செம்பியன் எப்போது கிளம்புகிறான், யாரோடு பேசுகிறான், போன் வந்தால் ஏன் தள்ளிப் போய்ப் பேசுகிறான் என்று பார்த்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்போது ஒன்று கண்ணில் பட்டது. லோடு ஆட்டோவின் பின்சக்கரம் இரண்டிலும் புது டயர். போன வாரம்தான் செம்பியன், "டயரு வழுக்க மண்டை ஆயிடுச்சு பாய், துட்டு இல்ல" என்று புலம்பியிருந்தான். புலம்பியவனுக்கு ஒரு வாரத்தில் எங்கிருந்து பணம் வந்தது?

சனிக்கிழமை செம்பியன் ஓர் ஆட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். "பாய், இவரு பட்னப்பாக்கம். சீட்டு ஃபுல்லா மாத்தணுமாம்."

இனாயத் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தான். "எந்த ஸ்டாண்டு?"

"லைட் ஹவுஸாண்ட."

"வண்டி உங்க பேர்லயா? லைசென்ஸ் காட்டுங்க."

ஆட்டோக்காரர் செம்பியனைத் திரும்பிப் பார்த்தார். "சீட்டு தைக்க லைசென்ஸ் எதுக்குப்பா?"

"இப்ப வேலை எடுக்கறதில்ல. வேற எடம் பாருங்க" என்று இனாயத் கதவைச் சாத்தினான். சாத்திய கதவுக்கு வெளியே செம்பியனின் குரல் கேட்டது. "இன்னாச்சு இந்த ஆளுக்கு?" மாடிப்படியில் இரண்டு பேரும் இறங்கும் சத்தம். முந்நூறு ரூபாய்கூட நிற்காத வாரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலை இறங்கிப் போனது. நாஸியா அடுப்படி வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் மேல சந்தேகப்படறீங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. விடு."

"நான் ஒண்ணு சொல்லணும்."

"அவனுக்காகப் பேசாத." அவன் மெஷினுக்குத் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நொச்சிக்குப்பத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலாப்பூர், மந்தைவெளி, ராயப்பேட்டை எல்லாப் பக்கமிருந்தும் மீன் வாங்க ஆள் வரும். செம்பியனின் மனைவி தேசம்மா ரோட்டோரம் பலகை போட்டு வஞ்சிரமும் சங்கராவும் பரப்பியிருந்தாள். செம்பியன் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். இனாயத் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றான்.

"எவ்ளோ குடுத்தான்?"

"யாரு பாய்?"

"புதன்கிழமை வந்தானே, ஃபைல் வச்சிக்கினு. உன் தோளத் தட்டிட்டுப் போனானே. எவ்ளோ குடுத்தான் உனக்கு?"

செம்பியன் பெட்டியைக் கீழே வைத்தான். "அவனா? ஓலா புக் பண்ணா உள்ள வருமான்னு கேட்டான். வராதுப்பா, மெயின் ரோட்டுக்குப் போன்னு கை காமிச்சேன். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்ப டயரு?"

"இன்னா டயரு?"

"புதுசா ரெண்டு டயரு. துட்டு இல்லன்னு சொன்னவன் நீதானே? என் வூட்டக் காட்டிக் குடுத்த துட்டுதானே அது?"

அவன் குரல் அவனே எதிர்பார்க்காத அளவுக்கு உரக்க வந்துவிட்டது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். பை பிடித்து நின்றவர்கள் திரும்பினார்கள். தேசம்மா எழுந்தாள்.

"யோவ் பாய், வாயக் கழுவிக்கினு பேசு. காட்டிக் குடுத்துத் துன்ற குடும்பமா இது?"

செம்பியன் கையை நீட்டி அவளை நிறுத்தினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று இருந்தது. "டயரு டியூல எடுத்தது பாய். மாசம் தொள்ளாயிரம். நானும் கடன்காரன்தான். உன் கடன் எவ்ளோன்னு இதுவரைக்கும் உன்னாண்ட ஒரு தபா கேட்டிருக்கேனா? யாராண்ட வாங்கினன்னு கேட்டிருக்கேனா? எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாதத எப்படி விக்கறது?"

இனாயத்தால் நம்ப முடியவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி விறுவிறுவென்று நடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். "துணிய எடுத்து வை. இன்னிக்கே கிளம்பணும்."

"எங்க?" என்றாள் நாஸியா.

"எங்கயாவது. இங்க இருக்க முடியாது. செம்பியன்தான் காட்டிக் குடுத்திருக்கான். ஒத்துக்க மாட்டேங்கறான்."

"அவர்கிட்டப் போய்க் கேட்டீங்களா? எல்லார் முன்னாடியும் கேட்டீங்களா?"

"ஆமா கேட்டேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஸஹானா புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விலாசத்தக் குடுத்தது நான்தாங்க."

இனாயத் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றான். அவள் சொன்னது காதில் விழுந்தும் புரியவில்லை.

"ஸஹானாவோட படிக்கற பொண்ணோட அம்மா, ஜுவேரியா, பேங்க்ல வேலை பாக்கறாங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல பாத்தேன். காலையில எட்டு மணிக்கு முன்னாடி, ராத்திரி ஏழு மணிக்கு அப்பறம் கூப்பிடவே கூடாதாம். சொந்தக்காரங்களுக்குப் போன் பண்ணி அசிங்கப்படுத்தக் கூடாதாம். அந்தக் கம்பெனியிலயே புகாருக்குன்னு ஒரு ஆபீஸர் இருப்பாரு, எழுத்துல குடுங்க, முப்பது நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்குக்கு எழுதலாம்னாங்க. தி. நகர் ஆபீஸுக்குப் போய் நானே குடுத்தேன். விலாசம் இல்லாத புகார வாங்க மாட்டோம், நேர்ல வந்து விசாரிப்போம்னாங்க. ஒளிஞ்சிருக்கறவங்க சொல்றத யாருங்க கேப்பாங்க?"

"என் பேர்லயா?"

"கடன் உங்க பேர்லதானே இருக்கு."

"கையெழுத்து?"

அவள் ஸஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையெழுத்த நீ போட்டியா?"

"ஆமா."

இனாயத் மகளைப் பார்த்தான். "உனக்கும் தெரியுமா?"

ஸஹானா தலையசைத்தாள். "எந்தத் தேதி, எத்தன மணிக்குப் போன் வந்துச்சுன்னு நான்தான் அத்தா எழுதிக் குடுத்தேன்."

இத்தனை நாள் வெளியில் தேடிக்கொண்டிருந்தான். ஒரே அறையில் மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாள்? வளையலை வைத்த ரசீது எங்கே? தம்பியிடம் பணம் வாங்கியிருக்கிறாளா? ஒரு கணம் அவளையே வேறு யாரோ போலப் பார்த்தான்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விடமாட்டீங்க. மாசக்கணக்கா கதவு தட்டினா மூச்ச அடக்கிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களப் பாத்து இவளும் அப்படியே உக்காந்திருக்கா." அவள் அழவில்லை. "அந்தப் பையன் வந்த அன்னைக்கே சொல்லலாம்னு வந்தேன். நீங்க கத்தின கத்துல பயந்துட்டேன். செம்பியன் அண்ணன் மேல போகும்னு தெரிஞ்சிருந்தா அடி வாங்கியாவது சொல்லியிருப்பேன்."

அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை.

குர்ஆன் வைத்திருந்த அலமாரித் தட்டுக்குக் கீழேயிருந்து கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கம். சேட்டு போன் செய்த தேதிகள், மணிகள், சொன்ன வார்த்தைகள் எல்லாம் இருந்தன. காலை எட்டுக்கு முன்னால் மட்டும் பத்தொன்பது முறை. பிறகு இப்படி எழுதியிருந்தாள்: 'எனக்குக் கடனைக் கட்ட மனமில்லாமல் இல்லை. கையில் இல்லை. பன்னிரண்டு தவணை நாள் தவறாமல் கட்டியிருக்கிறேன். தொழில் நின்றுபோனதால் இப்போது என்னால் மாதம் ஐயாயிரம்தான் முடியும். என் மகளிடம் பேசியதுபோல் இனி யாரும் பேசாமல் இருந்தால், என்னிடம் எப்போது வந்து கேட்டாலும் நேரில் நின்று பதில் சொல்வேன்.'

அவன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வார்த்தைகள். அடியில் அவனுடைய கையெழுத்தைப் போல ஒன்று. 'நேரில் நின்று பதில் சொல்வேன்' என்று எழுதிக் கொடுத்த ஆள், வந்து கேட்டபோது 'நான் அவரு தம்பி' என்று சொல்லியிருக்கிறான்.

பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

மறுநாள் இரண்டு பேரும் தி. நகருக்குப் போனார்கள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், துணிக்கடைக்கு மேலே இருந்தது ஆபீஸ். பிரணவ் அவனைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினான்.

"நீங்க அவரோட தம்பிதானே?"

"இல்ல சார். நான்தான் இனாயத்துல்லா. பயத்துல சொல்லிட்டேன்."

பிரணவ் பெருமூச்சு விட்டான். "'கடன்தாரர் இந்த விலாசத்தில் இல்லை'ன்னு ரிப்போர்ட் எழுதி வச்சிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் அனுப்பியிருப்பேன். அனுப்பியிருந்தா ஃபைல் திரும்ப ஏஜென்சிக்கே போயிருக்கும்."

நாஸியா கண்ணை மூடித் திறந்தாள். பிரணவ் கடன் ஃபைலையும் புகார்க் கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தான். "சார், இந்தக் கையெழுத்து வேற மாதிரி இருக்கே? லோன் பேப்பர்ல இருக்கறதோட மேட்ச் ஆகலையே?"

நாஸியாவின் விரல்கள் துப்பட்டா முனையைப் பிடித்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் இனாயத் முந்திக்கொண்டான். "என்னுதுதான் சார். அன்னைக்குக் கை நடுங்கிச்சு."

பிரணவ் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஃபைலை மூடினான்.

அவன் சொன்ன ஏற்பாடு இது. அபராத வட்டியை எடுத்துவிடுவார்கள். முதல் ஆறு மாதம் ஐயாயிரம், அதன் பிறகு ஏழாயிரத்து ஐந்நூறு. கால அளவு நீளும். ஏஜென்சியிடமிருந்து கேஸைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், சேட்டு இனி வரமாட்டான். நாஸியாவின் முகம் தெளிந்தது. பிரணவ் நான்கு தாள்களை அவன் பக்கம் நகர்த்தினான். "இங்க, இங்க, அப்பறம் பின்னாடி. சைன் போடுங்க சார்."

இனாயத் பேனாவை எடுக்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தான். தெரியாத இடங்களில் நாஸியாவிடம் காட்டிக் கேட்டான். மூன்றாவது தாளில் பாதி வெறுமையாக இருந்தது.

"இது இன்னா சார், காலியா கீது?"

"அது நாங்க அப்பறமா ஃபில் பண்ணிக்குவோம் சார். ஃபார்மாலிட்டி."

"நீங்க ஃபில் பண்ணுங்க, நான் பாத்துட்டுப் போடறேன். அபராத வட்டி எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. அது எங்க கீது இதுல? ஏஜென்சிக்காரன் வரமாட்டான்னு சொன்னீங்க. அதுவும் இல்ல."

"அது இன்டர்னல் சார்."

"இன்னா சார் இன்டர்னல்? அவன் என் கடைக்கு வெளியில நின்னுதானே கத்தினான்?"

நாஸியா மேஜைக்கு அடியில் அவன் காலைத் தொட்டாள். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளப் போகிறான் என்று பயந்தாள். அவன் அசையவில்லை. பிரணவ் முகம் சிவந்து மேனேஜர் அறைக்குள் போனான். திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் விளம்பரப் படம். அவனுக்கு அதன்மேலும் நம்பிக்கை இல்லை.

பிரணவ் புதுத் தாள் கொண்டுவந்தான். கம்பெனி முத்திரையோடு எல்லாம் அதில் இருந்தன. ஒன்று மட்டும் அவன் வாயால் சொன்னபடி இல்லை. அபராத வட்டியில் முக்கால்தான் தள்ளுபடி, மீதியைக் கடைசித் தவணையோடு கட்ட வேண்டும். "மேனேஜர் இதுக்கு மேல ஒத்துக்கல சார்" என்றான். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த முக்காலும் கிடைத்திருக்காது என்று இனாயத்துக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டான். நொச்சிக்குப்பம் வந்ததிலிருந்து சீட் தைத்துச் சேர்த்த பணத்தில் முதல் ஐயாயிரத்தைக் கவுன்டரில் கட்டி ரசீதை வாங்கி, எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பையில் வைத்தான்.

படியிறங்கும்போது நாஸியா கேட்டாள். "கை நடுங்கிச்சுன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"வேற யாராவது கேட்டாலும் அதான் சொல்லுவேன்" என்றான். சற்று நடந்துவிட்டு, "இன்னும் வேற ஏதாவது எனக்குத் தெரியாம இருக்கா?" என்று கேட்டான்.

"சமத்கிட்ட மூவாயிரம் வாங்கியிருக்கேன். ஸ்கூல் ஃபீஸுக்கு."

"வேற?"

"வேற இல்ல."

அவன் நம்பினான். முழுதாக இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. பஸ் ஏறுவதற்கு முன் சமதுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். "போங்க மச்சான்" என்று சமத் சிரித்துவிட்டான். சொந்தக்காரனிடம் அது அவ்வளவு சுலபமாக முடிந்தது.

செம்பியனிடம் முடியவில்லை. அன்று மாலை வாசலில் வண்டிக்குக் காற்று சரிபார்த்துக்கொண்டிருந்தவன் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். நாஸியாதான் கொடுத்தாள், எனக்குத் தெரியாது, தப்பு என்மேல்தான் என்றான். செம்பியன் குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"சரி சார்" என்றான்.

பத்து வருஷத்தில் அவன் இனாயத்தை 'சார்' என்று கூப்பிட்டதில்லை.

"வூட்ட காலி பண்ணணும்னா..." என்று இனாயத் தொடங்கினான்.

"அது அக்கா வூடு. இருக்கற வரைக்கும் இருந்துக்க. அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் கெடையாது. வாடகைய மட்டும் அக்காவுக்கே அனுப்பிடு, என்னாண்ட வேணாம்." நிமிர்ந்து பார்த்தான். "என்னாண்ட தனியா வந்து கேட்டிருந்தா கூட எனக்குக் கஷ்டம் இருந்திருக்காது. ஜனம் நிக்கும்போது கேட்ட பாரு. நேத்துலருந்து தேசம்மாவாண்ட மீன் வாங்க வர்றவங்க கேக்கறாங்க, உன் புருசன் ஆளக் காட்டிக் குடுத்து துட்டு வாங்கறானாமேன்னு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இனாயத் தேசம்மாவின் பலகைக்கு முன்னால் போய் நின்றான். அதே கூட்டம், அதே நெரிசல். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, போன வாரம் கத்திய அதே அளவுக்குக் குரலை உயர்த்தினான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. போன வாரம் இதே எடத்துல செம்பியனப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். அது பொய். அவன் யாரையும் காட்டிக் குடுக்கல. கடன் கட்ட முடியாம ஒளிஞ்சவன் நான். அவன்தான் எனக்கு எடம் குடுத்தான். என் புத்தி கெட்டுப்போய் அவனச் சொல்லிட்டேன்."

பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தியை நிறுத்தாமலே, "எவ்ளோ கடன்யா?" என்று கேட்டாள். "நாலு லட்சம்" என்று இனாயத் உரக்கவே சொன்னான். அந்தத் தொகையை அவன் வெளி ஆட்கள் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவ்ளோதானா?" என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள்.

தேசம்மா அவனைப் பார்க்காமல் பலகையில் தண்ணீர் தெளித்தாள். "சரி, சொன்ன இல்ல, நவுரு. யாவாரம் நடக்கட்டும்."

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. தவணை இதுவரை தவறவில்லை, இரண்டு மாதம் சமத் கைகொடுத்தான். சேட்டு வரவில்லை. ஆனாலும் கீழே பைக் வந்து நின்றால் இனாயத்தின் கால் தானாக மிதியிலிருந்து எழும்பிவிடுகிறது, ஜன்னலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். தேசம்மா சில சமயம் நாஸியாவிடம் நெத்திலி கொடுத்தனுப்புகிறாள். ஆட்டோக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கிவிட்டார்கள். யார் அனுப்பினார்கள் என்று இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை, செம்பியன் அனுப்பியதாக அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

செம்பியன் மட்டும் இன்னும் மாடி ஏறி வரவில்லை. வழியில் பார்த்தால் தலையசைக்கிறான். "கொஞ்ச நாள் ஆகும்" என்கிறாள் நாஸியா. எவ்வளவு நாள் என்று அவன் கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.